கேசட்டைக் கேட்டுக் கழற்றிய ஆல்டர்னேட்டர்

நம் வயதுப் பெண்களில் எத்தனை பேருக்கு ஒரு காரிலிருந்து ஆல்டர்னேட்டரைக் கழற்றத் தெரியும்? கையைத் தூக்க வேண்டாம், சும்மா கேட்டேன். எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவேன் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு, கையில் ஸ்பேனரும் பக்கத்தில் ஒரு டேப் ரிக்கார்டரும் இருந்தால் கழற்றிவிடுவேன். பன்னிரண்டு வயதில் ஒருமுறை கழற்றியிருக்கிறேன். அதற்குப் பிறகு யாரும் என்னை நம்பி அந்த வேலையைக் கொடுக்கவில்லை.

போன மாதம் என் மருமகனின் கார் வாசலிலேயே படுத்துவிட்டது. அவர் பானட்டைத் தூக்கி நிறுத்தி, செல்போனை எஞ்சின் ஓரமாகச் சாய்த்து வைத்து, யாரோ ஒருவர் செய்துகாட்டும் வீடியோவைப் பார்த்து அதேபோல் செய்துகொண்டிருந்தார். கொஞ்சம் பார்ப்பார், நிறுத்துவார், ஒரு நட்டைத் திருகுவார், மறுபடி பின்னால் ஓட்டிப் பார்ப்பார். நான் டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

"மாப்புள, இதத்தான் நாங்க அப்பவே செஞ்சோம்" என்றேன்.

"எத மாமி?"

"ஆல்டர்னேட்டர் கழட்டுறத. எங்க வாப்பா சொல்லச் சொல்லக் கழட்டினோம்."

"அவங்க அப்ப வெளிநாட்டுலல்ல இருந்தாங்க?"

"ஆமா. அங்கேருந்துதான் சொன்னாங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு டீயைக் குடித்தார். மாமிக்கு வயதாகிறது என்று நினைத்திருப்பார். அவர் நம்பாவிட்டால் போகட்டும். நீங்கள் நம்புவீர்கள். வெளிநாட்டுச் சபருக்குப் போன ஆண்களைக் கேசட்டில் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்? கடுதாசி எழுத உம்மாமார்களுக்கு நேரமில்லை, போனுக்குப் போய்க் காத்துக்கிடக்க முடியாது. அதனால் ஒரு கேசட்டில் வீட்டில் உள்ள எல்லோரும் பேசி, ஊரிலிருந்து போகிறவர் கையில் கொடுத்தனுப்புவோம். அங்கிருந்து வருகிறவர் கையில் பதில் கேசட் வரும். பேசுவதற்கும் பதில் கேட்பதற்கும் நடுவில் ஒரு மாதம் ஓடிவிடும். சண்டையும் அப்படித்தான் நடக்கும். உம்மா கோபமாகப் பேசி அனுப்பிய கேசட்டுக்கு வாப்பாவின் சமாதானம் வந்து சேரும்போது, எதற்குக் கோபப்பட்டோம் என்று உம்மா யோசித்துக்கொண்டிருப்பார்.

வாப்பாவுக்கு அங்கே ஒரு கராஜில் வேலை. ஊரில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறச் சந்தில், தகரக் கொட்டகையில், ஒரு பழைய அம்பாசிடர் நின்றது. பால்கோவா நிறம். உள்ளே சீட்டில் உட்கார்ந்தால் ரெக்சினும் பெட்ரோலும் அத்தரும் கலந்த ஒரு வாசனை வரும். எல்லா ஜன்னலும் ஏறும், ஒன்று மட்டும் இறங்காது. காரைக்காலில் எங்களைவிட வசதியானவர்கள் எத்தனையோ பேரிடம் கார் இல்லை. எங்களுக்கு மட்டும் எதற்கு என்று ஊரே கேட்டது. அதற்குக் காரணம் இருந்தது, அது ஊருக்கும் தெரியும்.

எனக்குப் பிறகு ஒரு தம்பி பிறந்தான். எனக்கு அப்போது ஐந்து வயது. ஐப்பசி மழை, தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். உம்மாவுக்கு வலி கண்டதும் டாக்சி பிடிக்க ஓடியவர் சாச்சா, என் வாப்பாவின் தம்பி. அப்போது கல்யாணம்கூட ஆகாத இளவட்டம். ஒரு டாக்சியும் வரச் சம்மதிக்கவில்லை. கடைசியில் எங்கேயோ கெஞ்சி ஒரு மாட்டு வண்டியோடு வந்தார். வண்டி ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே பிள்ளை பிறந்து, மூச்சு நின்று மவுத்தாகிவிட்டது. வாப்பாவுக்குச் செய்தி போய்ச் சேரவே இருபது நாளாயிற்று. அடுத்த விடுப்பில் வந்ததும் வாப்பா செய்த முதல் காரியம் அந்தக் காரை வாங்கியதுதான். "இனிமே இந்த வூட்டுல ஒருத்தருக்கும் வண்டி வரலைன்னு ஆவக் கூடாது" என்று சொல்லிச் சாவியைச் சாச்சா கையில் கொடுத்தார். வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

எனக்குப் பன்னிரண்டு வயதான வருடம், தை மாதம், என் லாத்தா தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் எனக்கு எட்டு வயது மூத்தவள். மாசியில் பிள்ளை என்று சொல்லியிருந்தார்கள். காருக்கு அதுதான் முதல் வேலை. ஏழு வருடமாகக் கல்யாணத்துக்கும் கந்தூரிக்கும் ஓடியதெல்லாம் கணக்கில்லை என்பது உம்மாவின் கட்சி.

அந்த நேரம் பார்த்துக் கார் மக்கர் பண்ண ஆரம்பித்தது. பேட்டரியை சார்ஜ் பண்ணிக் கொண்டுவந்து மாட்டினால் நான்கு நாள் ஓடும், ஐந்தாம் நாள் சாவியைத் திருப்பினால் முனகிவிட்டு அடங்கிவிடும். முன்னால் விட்டுச் சுற்றுகிற ஹேண்டில் எப்போதோ தொலைந்துபோயிருந்தது. சந்தில் நாலு பேர் தள்ளினால்தான் கிளம்பும்.

"வித்துரலாம் மச்சி" என்றார் சாச்சா உம்மாவிடம். அவருக்குக் கடைத்தெருவில் ஜவுளிக் கடை. சட்டையில் ஒரு பொட்டு அழுக்குப் படாமல் இருப்பார். "இப்ப டாக்சிக்கா பஞ்சம்? ஒரு நாளைக்கு முன்னாடியே சொல்லி வாசல்ல நிப்பாட்டிப்புடலாம்."

"ஒரு நாளைக்கு முன்னாடி சொல்லிட்டா தம்பி வலி வரும்?" என்றார் உம்மா.

நான் சாச்சா பக்கம். அதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். நடுத்தெருவில் வண்டி நின்று, கூடப் படிக்கிற பெண்கள் பார்க்க அதைத் தள்ளியதில் எனக்கு மானமே போயிருந்தது. உம்மா பிடிவாதம் பிடிப்பதாக நினைத்தேன். சாச்சாவைச் சிக்கனக்காரர் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஏழு வருடமாக அந்த வண்டியின் கதவைத் திறக்கும்போதெல்லாம் அவருக்கு எது ஞாபகம் வந்திருக்கும் என்று நாங்கள் யாருமே யோசிக்கவில்லை.

உம்மா கேசட்டில் விஷயத்தைச் சொன்னார். சொன்னதோடு விடவில்லை. டேப் ரிக்கார்டரைக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போய், சாச்சாவை வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, திறந்த பானட்டுக்குள் பிடித்து ஐந்து நிமிடம் எஞ்சின் சத்தத்தைப் பதிவுசெய்தார். டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்கிற மாதிரி முன்னால், பின்னால், பக்கவாட்டில் எல்லாம் பிடித்தார். சந்தில் பிளக் கிடையாது, அதனால் செல் போட்டுத்தான் பதிந்தோம். உம்மாவும் லாத்தாவும் அங்கேயே நின்று இன்னும் நாலு வார்த்தை பேசினார்கள். முடித்ததும் போட்டுக் கேட்டோம். நன்றாகத்தான் கேட்டது.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. வாப்பாவின் கேசட்டை எப்போதும் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு, எல்லா வேலையும் முடித்து, நடுக்கூடத்தில் வைத்துக் கேட்பதுதான் வழக்கம். லாத்தா வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சாய்ந்திருந்தாள். சாச்சாவும் வந்திருந்தார். வாப்பா உம்மாவிடம் பேசத் தொடங்கினார்.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான் நல்லா இருக்கேன். இந்தா புள்ள, ஒனக்குச் சளி கிளி புடிச்சிருக்கா? கொரலு கீச்சுன்னு சின்னப்புள்ள மாதிரி இருக்கு. சுக்குத் தண்ணி போட்டுக் குடி. பெரியவளுக்கும் சளி ஒட்டிக்கிட்டாப்புல இருக்கு, வாயும் வயிறுமா இருக்குற புள்ள, பாத்துக்க. தம்பிகிட்ட சொல்லு, வண்டிய அப்புடிப் போட்டு மெரட்ட வேணாம், மெதுவா ஆக்ஸிலேட்டர மிதிச்சாப் போதும்."

"நான் எங்க மெரட்டுனேன்?" என்று சாச்சாவுக்கு முகம் சுண்டிவிட்டது.

"வண்டிச் சத்தத்தப் பத்து தடவ கேட்டேன். ரூம்ல இருக்கறவங்களுக்கும் போட்டுக் காட்டுனேன். ஆல்டர்னேட்டர்ல பேரிங்கு போச்சு. அதான் அப்புடிக் கத்துது. அத வச்சுக்கிட்டு ஓட்டுனா நடுவழியில நின்னுரும். நம்ம மெக்கானிக்கு இப்ப வர மாட்டாரு, அறுப்பு நேரம், வயல்ல கெடப்பாரு. நீயே கழட்டிரு. கழட்டி எடுத்துக்கிட்டுப் போனா அவரு பேரிங்க மாத்திக் குடுத்துருவாரு. எப்புடிக் கழட்டுறதுன்னு அடுத்த பக்கத்துல சொல்றேன். நீ செய்வ."

எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குக் கரண்டு கொடுக்கிற உருளைதான் ஆல்டர்னேட்டர். இவ்வளவுதான் எனக்கு அன்றைக்கும் தெரியும், இன்றைக்கும் தெரியும். சாச்சா எழுந்துவிட்டார். "பொம்பளைங்க வண்டி கழட்டுறதா? அண்ணனுக்குப் புத்தி கெட்டுப்போச்சு" என்றார். உம்மா கேசட்டைத் திருப்பிப் போடாமலே எடுத்து வைத்தார். மறுநாள் என்னைக் கடைக்கு அனுப்பி நாலு புது செல் வாங்கிவரச் சொன்னார்.

சந்துப் பக்கம் யாரும் பார்க்காதபடி கொட்டகை வாசலில் ஒரு பழைய சேலையைக் கட்டினோம். அரிக்கேன் விளக்குத் துடைக்கிற துணி, வாப்பாவின் ஸ்பேனர் பெட்டி, டேப் ரிக்கார்டர். நான் பொத்தானை அமுக்கினேன். வாப்பா பேச ஆரம்பித்தார்.

அந்த இரண்டாம் பக்கத்தை எப்படிச் சொல்வது? வாப்பா எங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்வதாகவே நினைத்துப் பேசியிருந்தார். ஒரு வேலையைச் சொல்வார், பிறகு "செய்யி, நான் நிக்கிறேன்" என்பார். நிற்பார். டேப் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த மௌனத்தில் அவருடைய அறை கேட்கும். மின்விசிறி கரகரவென்று சுற்றும், யாரோ வெங்காயம் வதக்குவார்கள், யாரோ இருமுவார்கள். நாங்கள் அவருடைய அறையைப் பார்த்ததே கிடையாது. அன்றைக்குத்தான் அது எவ்வளவு சின்ன அறை என்று தெரிந்தது. எல்லாச் சத்தமும் ஒன்றின்மேல் ஒன்று இடித்துக்கொண்டு வந்தது.

"மொதல்ல பேட்டரியில கறுப்பு ஒயரக் கழட்டி ஓரமா வையி. பிஸ்மி சொல்லிக்க. செய்யி, நான் நிக்கிறேன்."

பேட்டரி முனையில் ஆட்டுப் புழுக்கை கனத்துக்குப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. நம் ஊர்க் காற்று கடல் உப்பு. ஜன்னல் கம்பியை விட்டுவைக்காது, சைக்கிள் செயினை விட்டுவைக்காது. உம்மா அந்தப் பூஞ்சைத் தூளைத் தட்டிவிட்டு ஒயரைக் கழற்றினார். அதை நாங்கள் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

"இப்ப பின்னாடி மூணு ஒயரு வரும். எது எங்க இருந்துச்சுன்னு ஞாபகம் வச்சுக்க." உம்மா ஞாபகத்தை நம்பவில்லை. தையல் பெட்டியை எடுத்துவரச் சொல்லி ஒவ்வொரு ஒயருக்கும் அது இருந்த இடத்துக்கும் ஒரே நிற நூலைக் கட்டினார். சிவப்பு, பச்சை, ஊதா. மணவறை மாதிரி இருந்தது.

"பதிமூணாம் நம்பர் ஸ்பேனர எடு."

எடுத்தோம். போல்ட்டில் மாட்டினால் லொடலொடவென்று ஆடியது. வாப்பா அங்கே ஜப்பான் கார்களோடு பழகியவர். அதெல்லாம் மில்லிமீட்டர் அளவு. இந்தக் கிழட்டு அம்பாசிடர் அங்குல அளவு. அது அவருக்கும் மறந்துபோயிருந்தது. உம்மா வெளிநாட்டுப் பால் பவுடர் டின்னின் மூடியைக் கத்தரித்து ஒரு சின்னத் தகட்டை போல்ட்டுக்கும் ஸ்பேனருக்கும் நடுவில் செருகினார். பிடித்துக்கொண்டது.

"வராது. இறுகிப் போயிருக்கும். கோவப்படாத" என்றார் வாப்பா.

"நான் எப்பக் கோவப்பட்டேன்?" என்றார் உம்மா டேப்பைப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு.

"இப்பத்தான் படுறா" என்றேன் நான். "ஏ, படுறாவா? யாரச் சொல்ற?" என்று முதுகில் ஒரு கிரீஸ் அடி விழுந்தது. அந்தப் பாவாடைச் சட்டையில் ஐந்து விரலும் கடைசிவரை போகவேயில்லை.

மேல் போல்ட் தளர்ந்ததும் உருளையை எஞ்சின் பக்கம் தள்ளினால் பெல்ட் தொளதொளத்துவிடும். அதைக் கழற்றி எடுத்துவிட்டு, கீழே உள்ள இரண்டு போல்ட்டையும் உருவ வேண்டும். வாப்பா தன் கைக்கு ஆகும் நேரத்தைத்தான் விட்டுவைத்திருந்தார். எங்களுக்கு அதைப்போல் பத்து மடங்கு ஆனது. நான் நிறுத்தி நிறுத்திப் போட்டேன். ஒருமுறை நிறுத்த மறந்துவிட்டேன். அந்த நீண்ட இடைவெளியில் வாப்பா தனக்குள் ஏதோ மெல்ல முணுமுணுத்தார். அறைக்கார நண்பர் "யார்ட்டங்க பேசுறீங்க?" என்று கேட்டதும், "வூட்டுல" என்று வாப்பா சொன்னதும் தெளிவாகப் பதிவாகியிருந்தன. உம்மா ஸ்பேனரோடு அப்படியே நின்றார். திரும்பவும் போடச் சொல்லி அந்த இடத்தை மட்டும் மூன்று தடவை கேட்டார். ஊருக்கு வராமலிருந்த அந்த இரண்டு வருடத்தில் வாப்பா எங்களோடு அதிக நேரம் இருந்தது அந்தக் கொட்டகையில்தான். எனக்கு அப்போதே அது தெரிந்திருந்தது, சொல்லத்தான் தெரியவில்லை.

உச்சி நேர லுஹருக்கு முன்னால் தொடங்கியது, அஸர் பாங்கு சொல்லும்போது உருளை கையில் வந்துவிட்டது. பிறந்த பிள்ளையைவிடக் கொஞ்சம் கனம்.

மறுநாள் காலையில் அதை ஒரு குற்றாலத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, உம்மாவும் நானும் மெக்கானிக்கைத் தேடி நெரவி பஸ்ஸில் ஏறினோம். உம்மா வெள்ளைத் துப்பட்டி போட்டிருந்தார். கூட்டம். முன்சீட்டில் இருந்த ஒரு அம்மா, மடியைப் பார்த்துவிட்டு எழுந்து இடம் கொடுத்தார்.

"முகத்த மூடாதீங்க, புள்ளைக்கு மூச்சு முட்டும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உம்மாவைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த அம்மாவின் மனம் நோகக் கூடாதென்றோ, வேறு எதனாலோ, துண்டின் ஓரத்தைக் கொஞ்சம் விலக்கிவிட்டார். பிறகு நெரவி வரும்வரை அதன்மேல் கையை வைத்தபடியே வந்தார்.

மெக்கானிக்கை வீட்டில் காணோம், களத்தில் இருந்தார். நெரவிப் பக்கத்து ஆள்தான் அவர். வருடம் முழுக்க எண்ணெயும் கிரீஸுமாக டவுனில் கிடப்பார், சம்பா அறுப்பு வந்துவிட்டால் பட்டறையைப் பூட்டிவிட்டு வயலுக்குப் போய்விடுவார். சோறு போடுற நிலத்த விட்டுட்டு யாருங்க ஸ்பேனரப் புடிப்பா என்பது அவர் வாதம். தலையில் முண்டாசு, உடம்பெல்லாம் வைக்கோல் தூசு. நெல் தூற்றிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் முறத்தைப் போட்டுவிட்டு வந்தார்.

"வாங்கம்மா, வாங்க. என்ன, புள்ள பொறந்துருச்சா?"

உம்மா துண்டை விரித்தார். அவர் வாயைப் பிளந்தார்.

"பேரிங்கு போச்சாம். அவங்க சொன்னாங்க" என்றார் உம்மா.

மெக்கானிக் நெல் சாக்கின்மேல் உட்கார்ந்து, உருளையை மடியில் வைத்து, அதன் சக்கரத்தைச் சுண்டிவிட்டார். சத்தமே இல்லாமல் வழுவழுவென்று சுற்றியது. காதருகே வைத்துக்கொண்டு மறுபடி சுண்டினார். முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார்.

"பேரிங்கு தேன் மாதிரில்ல ஓடுது. யாரும்மா போச்சுன்னது?"

"அவங்கதான். சத்தத்தக் கேட்டுட்டு."

"அங்கேருந்தா?"

உம்மா தலையை ஆட்டினார். மெக்கானிக் பெரிய மனுஷர், சிரிக்கவில்லை. "பேட்டரி முனை எப்புடிங்க இருந்துச்சு?" என்று கேட்டார். பச்சையாகப் பூத்திருந்ததை நான் சொன்னேன். "அதாங்க சங்கதி. கரண்டு போவுது, உள்ள ஏற மாட்டேங்குது. சுடுதண்ணி ஊத்தித் தேச்சு, பளபளன்னு ஆனதும் இறுக்கி மாட்டி, மேல கொஞ்சம் வேஸ்லின் தடவுங்க. பெல்ட்டையும் இறுக்கிருங்க. அம்புட்டுத்தான்" என்றார். பிறகு போல்ட் காதுகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "இத யாரு கழட்டுனா?" என்றார்.

"நாந்தான்" என்றார் உம்மா, தப்புச் செய்துவிட்டவர் மாதிரி.

"ஒரு இடத்துலயும் அடிபடல. என்கிட்ட வேல கத்துக்கிட்டவன்லாம் சுத்தியால அடிச்சுத்தான் எடுப்பான்." அவர் உருளையைத் திருப்பித் தரும்போது இரண்டு கையாலும் தந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் பாதி வழியில் உம்மா திடீரென்று துப்பட்டியை வாயில் பொத்திக்கொண்டு குலுங்க ஆரம்பித்தார். அழுகிறார் என்று பயந்துவிட்டேன். சிரிப்பு.

"செல்லுடீ" என்றார். "அன்னைக்குப் பதியறப்ப செல்லு தீந்து கெடந்துச்சு. புதுசு போடறப்ப பாத்தேனே, பழசெல்லாம் கசிஞ்சு போயிருந்துச்சு. டேப்பு மெதுவாச் சுத்திப் பதிஞ்சிருக்கு. அங்க நல்ல பொட்டியில போட்டா எல்லாம் வெரசாக் கத்தும். வண்டியும் கத்திருக்கு, நானும் கத்திருக்கேன். சளியாம், சுக்குத் தண்ணியாம்!"

கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார். எதற்கென்று தெரியாமலே பக்கத்துச் சீட்டுக்காரர்களும் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் என் கையைப் பிடித்து, "வாப்பாகிட்ட சொல்லிராத" என்றார். அடுத்த கேசட்டில் "நீங்க சொன்ன மாதிரியே கழட்டினோம், வண்டி சரியாப் போச்சு" என்று மட்டும் பேசினார். அதில் ஒரு பொய்கூடக் கிடையாது. வாப்பா சாகும்வரை அந்தக் கதையை எல்லோரிடமும் சொன்னார். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெறும் சத்தத்தை வைத்துக் கோளாறைக் கண்டுபிடித்தாராம். உம்மா அப்போதெல்லாம் "ஆமா, ஆமா" என்று வெற்றிலையை மடித்துக்கொண்டே இருப்பார்.

மாட்டுவது கழற்றுவதைவிடப் பெரிய பாடு. மாட்டுவதற்குள் மெக்கானிக் வந்துவிடுவார் என்று நினைத்து வாப்பா அதைச் சொல்லவேயில்லை. அறுப்பு முடிய இன்னும் பதினைந்து நாளாகும் போலிருந்தது. லாத்தாவுக்கோ வயிறு இறங்கிவிட்டது. உம்மா யோசித்தார். பிறகு கேசட்டின் கடைசிக்குப் போய், அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் ஓட்டச் சொன்னார். வாப்பா கடைசியில் சொன்னதை முதலில் செய்தோம், முதலில் சொன்னதைக் கடைசியில் செய்தோம். நூல்கள் தம் ஜோடியைக் கண்டுபிடித்துக்கொண்டன. பெல்ட்டை இறுக்க ஒரு கம்பை விட்டு நெம்ப வேண்டியிருந்தது. வாசல் கதவின் தாழ்ப்பாள் கட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து நெம்பினோம். நான் கட்டைமேல் ஏறித் தொங்கினேன், உம்மா போல்ட்டை இறுக்கினார். பேட்டரி முனையில் சுடுதண்ணீர் ஊற்றியதும் அந்தப் பச்சை நுரைத்துக்கொண்டு ஓடியது. சாவியைத் திருப்பினார் உம்மா. முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. முன்னால் இருந்த சிவப்பு சார்ஜ் விளக்கு அணைந்தது. ஓட்டத் தெரியாத உம்மா அந்த சீட்டில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். சாச்சா வந்து பார்த்தார், பானட்டை மூடினார்.

வண்டி சரியான பதினோராம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்கு ஆண்களெல்லாம் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்கள். தெருவில் ஒரு ஈ காக்கை கிடையாது. இமாம் பேசுகிற பயான் சத்தம் மட்டும் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தது. நல்ல உச்சி நேரத்தில் லாத்தாவுக்கு வலி எடுத்துவிட்டது. சாதாரண வலி இல்லை, பிள்ளை அவசரப்படுகிறது என்று உம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. என்னைப் பள்ளிவாசலுக்கு விரட்டினார். நான் ஓடினேன். தொழுகை தொடங்கிவிட்டது. வரிசை வரிசையாக முதுகுகள். அதில் எது சாச்சாவின் முதுகு? வெளி வாசலில் செருப்புக் குவியலுக்கு நடுவில் நின்று, வாழ்க்கையில் முதல்முறையாக, தொழுகை சீக்கிரம் முடியட்டும் என்று துவா கேட்டேன். அல்லாஹ் மன்னிப்பான்.

சலாம் கொடுத்துத் தொழுகை முடிந்ததும் வெளியே வந்த முதல் ஆள் சாச்சா. என் முகத்தைப் பார்த்ததும் செருப்பைத் தேடவில்லை. மாசி வெயிலில் கொதிக்கிற தெருவில் வெறுங்காலோடு ஓடினார். நான் பின்னால் ஓடினேன். சந்து முனைக்கு வரும்போதே எஞ்சின் சத்தம் கேட்டது. நான் பள்ளிவாசலுக்கு ஓடிய உடனே உம்மா வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டிருந்தார். லாத்தாவைப் பின்சீட்டில் படுக்க வைத்து, அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, முன்சீட்டைக் காலியாக விட்டு, ஓடுகிற வண்டியில் உட்கார்ந்திருந்தார். அணைத்துவிட்டு மறுபடி திருப்பிப் பார்க்கிற தைரியம் அவருக்கு இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் லாத்தாவை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது உம்மா திரும்பிப் பார்த்து ஒன்றுதான் சொன்னார்: "தம்பி, வண்டிய அணைச்சிராதீங்க."

எதற்கு? வேறு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டால் என்று நினைத்திருக்கலாம். அல்லது காரணமே இல்லாமலும் சொல்லியிருக்கலாம். பிள்ளைகளை உள்ளே விட மாட்டார்கள், அதனால் நான் சாச்சாவோடு வண்டியிலேயே இருந்தேன். ஒரு மணி நேரம் ஆனது. இரண்டு மணி நேரம் ஆனது. வேப்பமரத்தடியில் அம்பாசிடர் நடுங்கிக்கொண்டே நின்றது. வாட்ச்மேன் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"ஏங்க, சும்மா நிக்கிற வண்டி, பெட்ரோல் வீணாப் போவுதே?"

"போவட்டும்" என்றார் சாச்சா. வெள்ளிக்கிழமைச் சோறு சாப்பிடவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. காலில் கொப்புளம். எஞ்சின் சத்தம் கொஞ்சம் தணிந்தாலும் ஆக்ஸிலேட்டரை மெல்ல மிதித்துத் தூக்கிவிட்டுக்கொண்டே இருந்தார். "சாச்சா, பசிக்குது" என்றேன். அவருக்குக் காதில் விழவில்லை. இவர் ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. பன்னிரண்டு வயதுக்கு அவ்வளவுதான் புத்தி.

அஸர் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் உம்மா வெளியே வந்தார். துப்பட்டி தோளில் சரிந்து கிடந்தது. வேகமாக வரவில்லை, நடந்துதான் வந்தார். சாச்சா பக்கத்து ஜன்னல் ஓரம் வந்து குனிந்தார்.

"ஆம்பளப் புள்ள. ரெண்டு உசிரும் நல்லா இருக்கு. அல்ஹம்துலில்லாஹ்."

சாச்சா முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேரத்துக்குக் கொண்டுவந்து சேத்துட்டீங்க தம்பி" என்றார் உம்மா. "போதும். அணைங்க."

சாச்சாவின் கை சாவிவரை போனது, திருப்ப முடியவில்லை. உம்மா ஜன்னல் வழியாகக் கையை உள்ளே விட்டுத் தானே திருப்பினார். எஞ்சின் நின்றது. அந்தச் சத்தம் நின்ற பிறகுதான், சாச்சா அவ்வளவு நேரமும் அழுதுகொண்டிருந்தது எனக்குக் கேட்டது.